எடை குறையாமல் கொழுப்பு குறையுமா? உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றிருந்தபோது, எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்து பேசினார். வயது 32. துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அவருடைய அத்தா பல வருடம் சர்க்கரை நோயோடு இருந்து, 54 வயதில் மாரடைப்பில் மவுத்தானவர். அந்தப் பயத்தில்தான் இவர் மூன்று மாதத்துக்கு முன் ஜிம்மில் சேர்ந்திருந்தார்.

"ஹஸ்ரத், சேரும்போது 74 கிலோ. இன்னிக்கு 73 அரை. மூணு மாசத்துல அரை கிலோ! காசும் போச்சு, நேரமும் போச்சு. விட்டுடலாம்னு பாக்குறேன்."

"பேன்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது லூஸாயிடுச்சு. பெல்ட்ல ரெண்டு ஓட்டை உள்ளே போட்டிருக்கேன்."

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"முன்ன மாதிரி இல்ல."

அவர் தோற்கவில்லை. நல்ல பலன் கிடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விட்டுவிடப் பார்த்தார், அவ்வளவுதான். இப்படிப் பாதியில் விட்டவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவனும் அல்ல, பயிற்சியாளனும் அல்ல. எனக்கே சர்க்கரை எட்டிப் பார்த்தபோது, மருத்துவர் சொன்னதைப் புரிந்துகொள்வதற்காகப் படிக்கத் தொடங்கியவன். நான்கு வருடமாகக் கடைப்பிடித்தும் வருகிறேன்.

எடை மெஷின் சொல்லாத விஷயம்

எடை மெஷின் மீது நாம் ஏறி நிற்கும்போது எலும்பு, தசை, கொழுப்பு, தண்ணீர், குடலில் இருக்கும் உணவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது. அதில் எது கூடியது, எது குறைந்தது என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

அந்த இளைஞரின் கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் இரண்டரை கிலோ கொழுப்பு குறைந்தது. இரண்டு கிலோ அளவுக்குத் தசை ஏறியது. மெஷின் காட்டுவது அரை கிலோ வித்தியாசம் மட்டுமே. ஆனால் உள்ளே நாலரை கிலோ அளவுக்கு மாற்றம் நடந்திருக்கிறது. தசை கொழுப்பைவிட அடர்த்தியானது; அதே எடையுள்ள தசை, கொழுப்பைவிடக் குறைந்த இடத்தையே பிடிக்கும். அதனால்தான் எடை அப்படியே இருக்க, பேன்ட் தளர்ந்துவிட்டது.

"கொழுப்பு தசையாக மாறிவிடும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி மாறாது. இரண்டும் வேறு வேறு. ஒன்று கரைவதும் இன்னொன்று வளர்வதும் ஒரே காலத்தில் நடக்கும் இரண்டு தனித்தனி வேலைகள்.

மெலிந்த கை, பெருத்த வயிறு

இது நம் நாட்டவருக்கு மிக அவசியமான செய்தி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதமான பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். எடையளவில் ஒரே மாதிரி இருந்த இருவரில், இந்தியருக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு.

பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. கையும் காலும் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும். நம் தெருவில் இப்படி எத்தனை பேரைப் பார்க்கிறோம்! இதனால்தான் இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே எச்சரிக்கை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் நம் மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. மறுபக்கம், சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்ற இரண்டும் ஒருவரிடம் சேரும்போது சர்க்கரை நோய்க்கு வாசல் திறந்துவிடுகிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவர் பட்டினி கிடந்து வெறும் எடையை மட்டும் குறைத்தால், கொழுப்போடு சேர்த்து ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசையும் போய்விடும். எனவே நமக்குத் தேவை எடைக் குறைப்பு என்பதைவிட, கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டுவது.

இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும்?

தசை வளர நிறையச் சாப்பிட வேண்டும், கொழுப்பு குறையக் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்ற கேள்வி நியாயமானது. பல வருடமாகப் பயிற்சி செய்து, உடம்பில் கொழுப்பே இல்லாமல் இருப்பவருக்கு இது கடினம்தான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்று வசதிகள் இருக்கின்றன.

ஒன்று, அவருடைய தசைகள் இதுவரை பாரத்தையே பார்த்ததில்லை. அதனால் சிறு பாரத்துக்கும் உடனே வளரத் தொடங்கும். இரண்டு, கட்டுவதற்குத் தேவையான சக்தி அவர் உடம்பிலேயே சேமிப்பாக இருக்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி உண்டு. 20 கிலோ கொழுப்பு இருக்கும் ஒருவர் ஒன்றரை லட்சம் கலோரியைச் சுமந்துகொண்டு நடக்கிறார் என்று பொருள். மூன்று, கொழுப்பால் சக்தியைத் தர முடியுமே தவிர, தசைக்கான மூலப்பொருளைத் தர முடியாது. அது உணவில் வரும் புரதம். அதை மட்டும் குறைவில்லாமல் கொடுத்துவிட்டால் வேலை நடக்கும்.

வீடு கட்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலி கொடுக்க வங்கியில் பணம் இருக்கிறது, அதுதான் கொழுப்பு. செங்கலை நாம்தான் இறக்க வேண்டும்; அதுதான் புரதம். வேலையைத் தொடங்கச் சொல்லும் உத்தரவு, உடற்பயிற்சி.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இதைச் சோதித்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டது. உடல் பருமனான 40 இளைஞர்கள் 4 வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டு, வாரம் 6 நாள் கடும் பயிற்சி செய்தார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 2.4 கிராம் வீதம் புரதம் சாப்பிட்ட பிரிவினருக்குச் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பு குறைந்தது. கொழுப்பில்லாத உடல் எடை 1.2 கிலோ கூடியது. அதில் பாதியளவு, அதாவது 1.2 கிராம் வீதம் சாப்பிட்டவர்களுக்கு 3.5 கிலோ கொழுப்பு குறைந்தது. ஆனால் மறுபக்கம் பெரிதாக எதுவும் கூடவில்லை. இவ்வளவு கடுமை நமக்குத் தேவையில்லை. இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதற்கு இது சான்று, அவ்வளவே.

முதல் வேலை: பாரம்

"நான் தினமும் வாக்கிங் போகிறேன், போதாதா?" என்று கேட்பார்கள். நடப்பது இதயத்துக்கு நல்லது, விடவே கூடாது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரையில் இரண்டு பாதிகள் உள்ளன. வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் வேகமான நடை போன்ற பயிற்சி முதல் பாதி. வாரத்தில் 2 நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி இரண்டாம் பாதி. நாம் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம்.

"தொழுகையே உடற்பயிற்சிதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. தொழுகை இபாதத். அதன் அசைவுகளால் மூட்டுகளுக்கு நன்மை உண்டு என்பது வேறு. தசை வளர்வதற்கு, அது சுமக்கும் பாரம் படிப்படியாகக் கூட வேண்டும். ஐந்து வேளைத் தொழுகையில் அப்படிக் கூடுவதற்கு ஒன்றுமில்லை. அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிட்டுச் சும்மா இருப்பது சரியல்ல.

தொடங்குவதற்கு வாரம் 3 நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்ய வேண்டும். உடம்பு முழுவதற்கும் ஐந்து அசைவுகள்:

1. பஸ்கி. முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழலாம்.
2. தண்டால். முதலில் சுவரில் கை வைத்து, பிறகு மேசையில், பிறகு தரையில்.
3. இழுப்பது. முதுகை நேராக வைத்துக் குனிந்து, தண்ணீர் நிரப்பிய 5 லிட்டர் கேனை இடுப்பு வரை இழுப்பது.
4. தரையிலிருந்து தூக்குவது. அரிசிப் பையை, முதுகை வளைக்காமல், இடுப்பை மடக்கித் தூக்கி நிற்பது.
5. சுமந்து நடப்பது. இரு கையிலும் கனமான பைகளோடு 30, 40 அடி நடப்பது.

முதல் நான்கிலும் ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை செய்தால் ஒரு சுற்று. அப்படி 2 அல்லது 3 சுற்று. கடைசி இரண்டு முறையும் சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் பாரம் போதவில்லை என்று பொருள். எல்லாச் சுற்றிலும் 12 முறை எளிதாக வந்துவிட்டால், அடுத்த முறை பாரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் இதே விதிதான். ஒரு சிறு நோட்டில் தேதி, பாரம், எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாருங்கள்.

முதல் இரண்டு வாரம் உடம்பு வலிக்கும். அது இயல்பு. மூட்டில் குத்தும் வலி வந்தால் மட்டும் நிறுத்த வேண்டும். முதல் மாதத்தில் கூடும் வலிமையில் பெரும்பகுதி, நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இரண்டாவது வேலை: புரதம்

நம் சாப்பாட்டில் சோறு தட்டு நிறைய இருக்கும். கறித்துண்டு இரண்டு இருக்கும். வயிறு நிறைந்துவிடும், ஆனால் தசைக்கு வேண்டியது கிடைத்திருக்காது. பயிற்சி செய்பவர்கள் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் சாப்பிடுவது நல்லது. மிகப் பருமனானவர்கள் தங்கள் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடலாம். 74 கிலோ உள்ள அந்த இளைஞருக்கு நாளைக்குச் சுமார் 90 முதல் 118 கிராம் தேவை.

பெரிய தொகையாகத் தோன்றும். நம் வீட்டுச் சமையலில் பார்ப்போம். காலையில் 3 முட்டை, 2 இட்லி: 22 கிராம். முற்பகலில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல்: 10 கிராம். மதியம் ஒரு கப் சோறு, சாம்பார், 150 கிராம் மீன்: 39 கிராம். மாலையில் ஒரு டம்ளர் பால்: 6 கிராம். இரவில் 2 சப்பாத்தி, 100 கிராம் கோழிக்கறி, ஒரு கப் தயிர்: 31 கிராம். மொத்தம் 108 கிராம் வந்துவிட்டது. கறிக்கு வசதிப்படாத நாளில் 30 கிராம் சோயா உருண்டையில் 15 கிராம் கிடைக்கும். பருப்பைக் கெட்டியாகக் கடைந்து, சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம்.

புரோட்டீன் பவுடர் கட்டாயமில்லை. அது பாலிலிருந்து எடுக்கப்படும் உணவுதான், மந்திரம் எதுவும் இல்லை. வாங்குபவர்கள் ஹலால் முத்திரையையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பார்த்து வாங்குங்கள். "சீக்கிரம் உடம்பு ஏறும்" என்று யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் அந்த ஆளை விட்டே விலகிவிடுங்கள். ஸ்டீராய்டு மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் பிள்ளை பெறும் திறனையும் பாதிக்கக்கூடியவை.

எதைக் குறைப்பது?

பட்டினி வேண்டாம். நாளைக்கு 300 கலோரி குறைந்தால் போதும். நான்கு டீயில் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 160 கலோரி. கூடவே இரண்டு வடையையும் விட்டால் 300-ஐ ஒட்டி வந்துவிடும். சோற்றில் ஒரு கரண்டி குறைப்பது, பொரித்ததற்குப் பதில் குழம்பு மீன், இரவுப் பரோட்டாவை வாரம் ஒரு நாளாக்குவது என்று சின்னச் சின்னதாகத் தொடங்குங்கள். கல்யாண வீட்டுப் பிரியாணியைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஒரு தட்டு போதும். கறியை முதலில் சாப்பிடுங்கள்.

ரமளானிலும் இதைத் தொடரலாம். இஃப்தாரில் நோன்புக் கஞ்சியோடு சமோசாவும் வடையும் சேரும்போதுதான் கணக்கு தப்புகிறது. சஹரில் முட்டையோ தயிரோ பருப்போ கட்டாயம் இருக்கட்டும். தராவீஹ் முடிந்து சிறிது நேரம் பயிற்சி செய்யலாம். அந்த மாதம் பாரத்தைக் கூட்டாமல், இருப்பதைக் காப்பாற்றினாலே போதும்.

தூக்கம்

இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பருமனான 10 பேருக்கு ஒரே அளவு குறைந்த உணவு கொடுத்து, 14 நாள் படுக்கையில் எட்டரை மணி நேரமும், இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் இருக்கச் செய்தார்கள். குறைவாகத் தூங்கிய நாட்களில் 0.6 கிலோ கொழுப்பு மட்டுமே குறைந்தது. நன்றாகத் தூங்கிய நாட்களில் 1.4 கிலோ. மொத்த எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. தூக்கம் இல்லாதபோது கொழுப்புக்குப் பதில் தசை உள்ளிட்ட நல்ல எடை போய்விட்டது.

ஃபஜ்ருக்கு எழ வேண்டிய நாம் 12 மணி வரை போன் பார்த்தால் ஐந்து மணி நேரம்கூடத் தூக்கம் கிடைக்காது. இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சை விட்டுவிட்டுச் சீக்கிரம் படுப்பது நமக்குத் தெரிந்த பழக்கம்தான். அதைத் திரும்பக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது.

பெண்களும் பெரியவர்களும்

பாரம் தூக்கினால் ஆண் மாதிரி உடம்பு ஆகிவிடும் என்று பெண்கள் பயப்படத் தேவையில்லை. அதற்கான ஹார்மோன் அவர்களிடம் மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் என்பதால், அவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். மேலே சொன்ன ஐந்தையும் வீட்டுக்குள்ளேயே செய்யலாம். வீட்டு ஆண்கள் அந்த 40 நிமிடம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் போதும்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய சிலருக்கு 8 வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் வெளியான அதன் முடிவில், பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியால் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

எதை அளப்பது?

தையல்காரரிடம் இருக்கும் டேப் ஒன்று வாங்குங்கள். வெள்ளிக்கிழமை காலையில், வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்து எழுதுங்கள். பயிற்சி நோட்டில் பாரம் கூடுகிறதா என்று பாருங்கள். இடுப்பு குறைந்து, பாரம் கூடினால் எடை எதைக் காட்டினாலும் கவலை வேண்டாம். இரண்டு மாதமாகியும் இடுப்பு அசையவே இல்லையென்றால் சாப்பாட்டைப் பாருங்கள். பாரம் கூடவே இல்லையென்றால் புரதத்தையும் தூக்கத்தையும் பாருங்கள். கொழுப்பின் சதவீதத்தைக் காட்டும் மின்னணு எடை மெஷினை நம்பி மனம் தளர வேண்டாம்; அன்று குடித்த தண்ணீரின் அளவுக்கே அதன் எண் மாறிவிடும்.

இந்த வேகம் என்றைக்கும் இருக்காது. ஓராண்டுக்குப் பிறகு மெதுவாகும். ஆனால் அதற்குள் பழக்கம் வந்துவிட்டிருக்கும்.

அந்த இளைஞரிடம் சுருக்கமாக இதைத்தான் சொன்னேன். ஜிம்மை விட வேண்டாம், எடை மெஷினில் ஏறுவதை விட்டுவிடுங்கள் என்றேன். மறுநாள் டேப்பில் அளந்துவிட்டு வந்து, "91 இருக்கு ஹஸ்ரத், இன்னும் ஒண்ணு குறையணும்" என்றார். சேரும்போது எவ்வளவு இருந்தது என்று அவர் அளந்து வைக்கவில்லை. நீங்களாவது, தொடங்கும் முன் இன்றே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்தான் உங்களைத் தொடர வைக்கும், இன்ஷா அல்லாஹ்.